ஒரு பூச்சிக்குப் பெயர் வைத்த கதை

அரை சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு பூச்சியைப் பாதுகாக்கலாமா, வேண்டாமா என்று அமெரிக்க அரசு 12 ஆண்டுகள் யோசித்தது என்றால் நம்புவீர்களா? அந்தப் பூச்சியின் பெயர் லெட்னியா துமானா. ஸ்டோன்ஃப்ளை என்ற வகையைச் சேர்ந்தது.

முதலில் ஸ்டோன்ஃப்ளை என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். பெயரை அப்படியே தமிழாக்கினால் "கல் ஈ". ஆனால் இது ஈ இல்லை! ஈக்கு இரண்டு சிறகு, இதற்கு நான்கு. 1839-ல் ஜெர்மானியப் பூச்சியியலாளர் ஹெர்மன் பர்மைஸ்டர் இந்த வரிசை முழுவதற்கும் "பிளெகாப்டெரா" என்று பெயரிட்டார். கிரேக்க மொழியில் "பின்னிய சிறகு" என்று பொருள். உலகில் இதுவரை 3,500-க்கும் மேற்பட்ட இனங்கள் பதிவாகியிருக்கின்றன.

இளம்பூச்சிகள் ஓடையின் கற்களுக்கு அடியில் வாழும். சிறகு முளைத்துக் கரையேறிய பிறகு வாழ்வதோ சில வாரங்கள்தான். பெரும்பாலான இனங்களுக்குச் சுத்தமான, குளிர்ந்த, ஆக்சிஜன் நிறைந்த தண்ணீர் வேண்டும். தண்ணீர் கெட்டால் முதலில் காணாமல் போகும் உயிர்களில் இதுவும் ஒன்று.

சரி, லெட்னியாவுக்கு வருவோம்.

வில்லியம் ரிக்கர் (1908 - 2001) என்ற கனடா விஞ்ஞானியை மீன்வளம் படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். கடலில் எவ்வளவு மீன் பிடிக்கலாம் என்று கணக்கிட உதவும் "ரிக்கர் வளைகோடு" 1954-ல் அவர் தந்ததுதான். அதே மனிதருக்கு ஸ்டோன்ஃப்ளை மீது தீராத ஆசை. 1952-ல் இந்தப் பூச்சிகளை வகைப்படுத்தி ஒரு பெரிய ஆய்வு நூலை வெளியிட்டார். மொன்டானா மாநிலத்தில் உள்ள கிளேசியர் தேசியப் பூங்காவின் சின்னப் பூச்சிக்கு அதில்தான் பெயர் கிடைத்தது.

இதில் ஒரு சுவையான விஷயம்... ரிக்கருக்கு ரஷ்ய மொழி நன்றாகத் தெரியும். அந்த நூலில் அவர் புதிதாக வைத்த பெயர்களைப் பாருங்கள். ஸபாடா (ரஷ்ய மொழியில் "ஸாபத்" என்றால் மேற்கு), மலென்கா (சிறியது), விஸோகா (உயரமானது). லெட்னியாவில் இருப்பது பனிக்கட்டி, துமானாவில் இருப்பது மூடுபனி. அமெரிக்காவும் ரஷ்யாவும் முறைத்துக்கொண்டிருந்த பனிப்போர்க் காலத்தில், அமெரிக்க மலை ஓடைகளில் ரஷ்யப் பெயர்கள் சத்தமில்லாமல் குடியேறிவிட்டன!

பெயர் வைப்பது அவ்வளவு சுலபமா என்றால், இல்லை. ஓடையில் பிடித்த இளம்பூச்சியை மட்டும் வைத்துக்கொண்டு பெரும்பாலும் இனத்தைச் சொல்ல முடியாது. முதிர்ந்த ஆண் பூச்சி வேண்டும். அதன் வயிற்று நுனியில் உள்ள இனப்பெருக்க உறுப்பின் வடிவம்தான் கைரேகை மாதிரி. அதை நுண்ணோக்கியில் பார்த்து, படம் வரைந்து, நெருங்கிய இனங்களோடு ஒப்பிட்டு எழுத வேண்டும். ஒரு பூச்சியை "ஹோலோடைப்" என்று குறித்து அருங்காட்சியகம் போன்ற ஓர் இடத்தில் பத்திரப்படுத்த வேண்டும. பிற்காலத்தில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அந்த ஒரு பூச்சிதான் மூலப்பத்திரம்.

ரிக்கர் லெட்னியாவை ஒரு துணைப் பேரினமாகத்தான் வைத்திருந்தார். 1975-ல் ரிச்சர்ட் பௌமன் அந்தக் குடும்பத்தையே திருத்தி எழுதியபோது அது தனிப் பேரினமாக உயர்ந்தது. ஆனாலும் அதில் ஒரே ஓர் இனம்தான். வேறு மலைகளில் கிடைத்த லெட்னியாக்களும் அந்த ஒரே கணக்கில் வரவு வைக்கப்பட்டன.

2010-ல் அந்தக் கணக்கு உடைந்தது. பௌமனும் உடன் ஆய்வு செய்தவரும் பூச்சிகளை மறுபடி ஒப்பிட்டுப் பார்த்து இரண்டு புதிய இனங்களை அறிவித்தார்கள். கலிபோர்னியாவில் இருப்பது லெட்னியா சியரா. வாஷிங்டன் மாநிலத்தில் இருப்பது லெட்னியா போரியாலிஸ். வயோமிங்கின் டீடன் மலையில் இருக்கும் லெட்னியா டெடோனிகா 2012-ல் தனி இனமானது. ஒரு பூச்சியும் புதிதாகப் பிறக்கவில்லை, ஒன்றும் சாகவில்லை. ஆனால் பல மலைகளில் பரவியிருப்பதாக நினைத்த துமானா, சின்ன எல்லைக்குள் வாழும் இனமாகிவிட்டது!

இது வெறும் புத்தகச் சண்டை இல்லை. அமெரிக்காவின் 1973-ஆம் ஆண்டு அழிந்துவரும் உயிரினங்கள் சட்டம் பூச்சிகளைப் பொறுத்தவரை இனம், துணையினம் என்ற கணக்கில்தான் பாதுகாப்பு தருகிறது. பெயர் இல்லாத ஒன்றுக்காக யார் மனுப் போட முடியும்?

துமானாவுக்காக 2007-ல் மனுப் போட்டார்கள். 2011-ல் பதில் வந்தது. பாதுகாக்கத் தகுதி உண்டு, ஆனால் முன்னுரிமை வேறு இனங்களுக்கு என்றது அரசு. 2019 நவம்பரில்தான் "அச்சுறுத்தலுக்கு உள்ளானது" என்று பட்டியலில் ஏறியது. ரிக்கர் பெயர் வைத்து 67 ஆண்டுகள்!

கூடவே ஸபாடா கிளேசியர் என்ற இன்னொரு ஸ்டோன்ஃப்ளையும் பட்டியலில் சேர்ந்தது. 1971-ல் விவரிக்கப்பட்ட இனம் அது. முன்பு அது இருந்த ஓடைகள் பலவற்றில் பிறகு தேடியபோது கிடைக்கவில்லை. இளம்பூச்சிகளைக் கண்ணால் பிரித்தறிய முடியாததால் டிஎன்ஏ சோதனை செய்தார்கள். அதன் மூலம்தான் டீடன் மலையிலும் அது இருப்பது தெரியவந்தது.

இதற்குள் மலையில் என்ன நடந்தது? 1850 வாக்கில் கிளேசியர் பூங்கா இருக்கும் பகுதியில் சுமார் 150 பனியாறுகள் இருந்தன. 2015-ல் 0.1 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரப்புள்ளவை 26 மட்டுமே. துமானா பெரும்பாலும் வாழ்வது பனி உருகி ஓடத் தொடங்கும் இடத்துக்கு அருகிலேயே. கீழே தண்ணீர் சூடானால் மேலே ஏறலாம். உச்சியை அடைந்த பிறகு எங்கே ஏறுவது?

சட்டத்தில் பெயர் ஏறியதால் பனி உருகுவது நிற்கப் போவதில்லை. ஆனால் சரக்குப் பட்டியலில் எழுதாத பொருள் காணாமல் போனால் கடைக்காரருக்கே தெரியாது. எழுதியிருந்தால், குறைந்தபட்சம் எங்கே போயிற்று என்று ஒருவர் கேட்பார்.

துமானாவைப் பற்றி அப்படிக் கேட்க ஆள் இருக்கிறார்கள். பெயர் எழுதப்படாத பூச்சிகளைப் பற்றி யார் கேட்பார்கள்?