கானா: தங்கக் கரையில் விளைந்த கொக்கோ

மலாயா 1957ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் சுதந்திரம் அடைந்தது. அதற்கு ஏறத்தாழ ஆறு மாதங்களுக்கு முன்பு, மார்ச் 6ஆம் நாள், ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் இன்னொரு பிரிட்டிஷ் காலனி விடுதலை பெற்றது. அதுவரை ‘கோல்டு கோஸ்ட்’, அதாவது தங்கக் கரை, என்று அழைக்கப்பட்ட அந்நாடு அன்று முதல் கானா ஆயிற்று. மலேசியாவில் 1917 முதல் தோட்டப் பயிராக வளர்க்கப்படும் செம்பனையின் பூர்வீகமும் மேற்கு ஆப்பிரிக்காதான். அப்படியிருந்தும் கானாவைப் பற்றி நம்மில் பலருக்கு அதிகம் தெரியாது.

மண்ணும் மக்களும்

மேற்கே ஐவரி கோஸ்ட், வடக்கே புர்கினா பாசோ, கிழக்கே டோகோ, தெற்கே கினி வளைகுடா. இவற்றுக்கு இடையே சுமார் 2 லட்சத்து 38 ஆயிரம் சதுர கிலோமீட்டர் பரப்பில் கானா அமைந்துள்ளது. தலைநகர் அக்ரா. 2021 கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை 3 கோடியைத் தாண்டியது. அகான், ஏவே, கா, டக்பானி எனப் பல மொழிகள் பேசப்படுகின்றன. ஆட்சி மொழி ஆங்கிலம்.

அகான் மக்களிடையே பிறந்த கிழமையைக் கொண்டு பெயர் வைக்கும் வழக்கம் உண்டு. வெள்ளிக்கிழமை பிறந்த ஆண் குழந்தை கோபி. சனிக்கிழமை பிறந்தால் குவாமே. ஐக்கிய நாடுகள் சபையின் பொதுச் செயலாளராக இருந்த கோபி அன்னானும், கானாவின் முதல் தலைவர் குவாமே நிக்ருமாவும் இந்த வழக்கப்படி பெயர் பெற்றவர்களே.

தங்கமும் அடிமை வணிகமும்

தங்கத்தைத் தேடி வந்த போர்த்துகீசியர் 1482இல் எல்மினாவில் கோட்டை கட்டினர். 1637இல் டச்சுக்காரர்கள் அதைக் கைப்பற்றினர். நாளடைவில் தங்கத்தைவிட மனிதர்களை விற்பதில் ஆதாயம் அதிகம் என்றானது. கடற்கரைக் கோட்டைகளின் இருட்டறைகளில் அடைக்கப்பட்ட ஆப்பிரிக்கர்கள் அமெரிக்கக் கண்டத்துக்குக் கப்பலேற்றப்பட்டனர். அந்தக் கோட்டைகள் இன்றும் நிற்கின்றன.

உள்நாட்டில் குமாசியைத் தலைநகராகக் கொண்டு அசாந்தே பேரரசு வலிமையோடு விளங்கியது. தங்க ஆசனத்தில் தங்கள் இனத்தின் ஆன்மாவே குடியிருப்பதாக அம்மக்கள் நம்பினர். 1900ஆம் ஆண்டு பிரிட்டிஷ் ஆளுநர் ஹாட்ஜ்சன் அந்த ஆசனத்தைக் கேட்டபோது, யா அசாந்தேவா என்ற அரசித்தாய் மக்களைத் திரட்டிப் போரிட்டார். போரில் தோற்று, செய்ஷெல்ஸ் தீவுக்கு நாடு கடத்தப்பட்டு, அங்கேயே 1921இல் இறந்தார். ஆனால், ஆசனம் ஆங்கிலேயர் கையில் சிக்கவே இல்லை.

ஒரு கொல்லர் கொண்டு வந்த விதை

டெட்டே குவார்ஷி என்ற இரும்புக் கொல்லர் வேலை தேடி பெர்னாண்டோ போ தீவுக்குச் சென்றவர். 1870களின் இறுதியில் ஊர் திரும்பியபோது கொக்கோ விதைகளைக் கொண்டு வந்து மம்போங்கில் பயிரிட்டார். அக்கம் பக்கத்து விவசாயிகளும் பின்பற்றினர். 1911 வாக்கில் உலகிலேயே அதிகமாகக் கொக்கோ விளைவிக்கும் நாடாகத் தங்கக் கரை உயர்ந்தது. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களைப் போல இவை வெள்ளைக்காரத் துரைகளின் தோட்டங்கள் அல்ல. உள்ளூர்க் குடும்பங்கள் சொந்த முயற்சியில் வளர்த்த சிறு தோட்டங்கள்.

விளைவித்தவர்கள் ஆப்பிரிக்கர்கள், விலை வைத்தவர்களோ ஐரோப்பிய நிறுவனங்கள். 1937இல் அந்நிறுவனங்கள் தமக்குள் பேசி விலையைக் கட்டுப்படுத்த முயன்றன. விவசாயிகள் கொக்கோவை விற்க மறுத்து மாதக்கணக்கில் உறுதியாக நின்றனர். 1947இல் அமைந்த கொக்கோ வாரியம் விளைச்சலை வாங்கி வெளிநாடுகளுக்கு விற்றது.

கனவும் சரிவும்

1951 தேர்தலில் சிறையில் இருந்தபடியே வென்றவர் நிக்ருமா. கொக்கோ வருமானத்தைக் கொண்டு பள்ளிகள், தேமா துறைமுகம், தொழிற்சாலைகள் என விரைந்து கட்டினார். வோல்டா ஆற்றின் அகோசோம்போ அணை 1965இல் நிறைவுற்றது. அதற்காகச் சுமார் 80 ஆயிரம் பேர் இடம்பெயர்ந்தனர்.

அதே காலத்தில் உலகச் சந்தையில் கொக்கோ விலை சரிந்தது. கடன் பெருகியது. 1964இல் நாடு ஒரு கட்சி ஆட்சியானது, எதிர்ப்பாளர்கள் சிறைப்பட்டனர். 1966 பிப்ரவரி 24ஆம் நாள் நிக்ருமா வெளிநாட்டில் இருந்தபோது இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அடுத்தடுத்துக் கவிழ்ப்புகள் நிகழ்ந்தன. வாரியம் கொடுத்த விலை கட்டாததால் விவசாயிகள் கொக்கோவை எல்லை தாண்டிக் கடத்தினர். 1964-65இல் 5 லட்சம் டன்னைத் தாண்டிய விளைச்சல் 1983-84இல் 2 லட்சம் டன்னுக்கும் கீழே இறங்கியது.

வாக்குப் பெட்டி

1981இல் ஆட்சியைக் கைப்பற்றிய ஜெர்ரி ராவ்லிங்ஸ், 1992 அரசியலமைப்பின்படி தேர்தலுக்கு வழிவிட்டார். தேர்தலில் வென்று இரு தவணை ஆண்டபின், 2001 ஜனவரியில் எதிர்க்கட்சியின் குஃபோரிடம் பொறுப்பை ஒப்படைத்தார். 2008 தேர்தலின் இறுதிச் சுற்றில் வெற்றியைத் தீர்மானித்தது சுமார் 40 ஆயிரம் வாக்குகள்தான். அப்போதும் தோற்ற கட்சி விலகிக்கொண்டது. 2017, 2025 ஆண்டுகளிலும் ஆட்சி அமைதியாகவே கைமாறியது.

ஆனால், கொக்கோ விவசாயியின் கவலை தீரவில்லை. 2022 இறுதியில் கானா வெளிநாட்டுக் கடன்களில் பெரும்பகுதியைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்த நேர்ந்தது. 2024இல் உலகச் சந்தையில் கொக்கோ விலை வரலாறு காணாத உயரத்தைத் தொட்டது. நோயாலும் வானிலையாலும் கானாவின் விளைச்சல் குறைந்திருந்தது. விளைச்சலில் பெரும்பகுதி முன்கூட்டியே குறைந்த விலைக்கு விற்கப்பட்டிருந்ததால், விலையேற்றத்தின் முழுப் பயன் விவசாயிக்குக் கிட்டவில்லை. ‘கலம்சே’ எனப்படும் அனுமதியற்ற தங்கச் சுரங்கங்கள் கொக்கோ நிலங்களையும் ஆறுகளையும் பாழாக்கி வருகின்றன.

யார் ஆள வேண்டும் என்பதைக் கானா மக்கள் தங்கள் வாக்கால் முடிவு செய்யப் பழகிவிட்டனர். தங்கள் உழைப்பின் விலையை முடிவு செய்யும் உரிமைக்காகத்தான் 1937இல் அந்த விவசாயிகள் போராடினர். அந்த உரிமை அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இன்னும் முழுமையாகக் கிடைக்கவில்லை.