கடலூர் நாற்றங்கால், மதுரை வயல்

விழுப்புரத்தில் நாங்கள் நடத்திய கால்பந்து கிளப்பின் மொத்தச் சொத்து 2 பந்து, ஒரு கைப்பம்பு, சந்தாக் கணக்கு எழுதிய 40 பக்க நோட்டு. பம்பின் ஊசி தொலைந்தால் சைக்கிள் கடைக்காரரிடம் போய் நிற்போம். திண்டிவனத்துப் பையன்களோடு ஆடப் போனால் பஸ் காசு அவரவர் பொறுப்பு. ஜெயித்தாலும் தோற்றாலும் திரும்பும் வழியில் பரோட்டா உண்டு. அதுவும் அவரவர் பொறுப்பு. கோல்கீப்பர் வேலை தேடிச் சென்னைக்குப் போனார், பின்னாலேயே பேக் இருவரும் போனார்கள். திண்டிவனத்து அணியும் ஏறக்குறைய அதே சமயம் கலைந்தது. இரண்டு ஊரிலும் நோட்டை வாங்கிக்கொள்ள அடுத்த ஆள் வரவில்லை.

அந்த வயிற்றெரிச்சலோடுதான் கடலூர், மதுரைப் பெண்கள் அணிகளைப் பார்க்கிறேன்.

1993இல் விழுப்புரம் தனி மாவட்டமாகும் வரை எங்களுக்கும் கடலூர்தான் மாவட்டத் தலைநகர். அங்கே பயிற்சியாளர் எஸ். மாரியப்பன் பெண் பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் பந்து பழக்கினார். 2004 சுனாமியில் வீட்டையும் உறவையும் இழந்த சிறுமிகளும் அதில் உண்டு. அந்த அணிக்கு வைத்த இந்திரா காந்தி விளையாட்டு மற்றும் கல்வி அகாடமி என்ற பெயரில் ‘கல்வி’ ஒட்டிக்கொண்டிருப்பதைக் கவனியுங்கள். பெண்ணை அரை டிராயரோடு மைதானத்துக்கு அனுப்பத் தயங்கும் வீட்டில் அந்த ஒரு சொல் பாதி வேலையை முடித்துவிடும்.

மதுரையின் சேது எஃப்.சி. வேறு மாதிரி. சீனி மொகைதீன் 2016இல் தொடங்கினார். கடலூரில் பிள்ளைகள் முதலில் வந்தார்கள், அணி பிறகு வந்தது. மதுரையில் அணியை முடிவுசெய்துகொண்டு ஆட்களைத் தேடினார்கள். நேபாளத்திலிருந்து சபித்ரா பண்டாரியைக் கூட்டிவர முடிந்தது. எங்கள் நோட்டில் திண்டிவனத்துக்கு டிக்கெட் போடவே பணம் இருந்ததில்லை!

2018இல் ஷில்லாங்கில் நடந்த இந்திய மகளிர் லீக்கில் ஆடிய 7 அணிகளில் இந்த இரண்டும் இருந்தன. அதே ஆண்டு பிப்ரவரியில்தான் தமிழ்நாட்டுப் பெண்கள் கட்டாக்கில் மணிப்பூரை 2–1 என்று சாய்த்துத் தேசியப் பட்டத்தை முதல்முறையாகத் தூக்கியிருந்தார்கள். மறு ஆண்டு லூதியானாவில் மணிப்பூர் போலீஸை 3–1 என்று வென்று சேது லீக் பட்டம் பெற்றது. அந்தச் சேது சட்டையில் ஆடிய இந்துமதி கதிரேசனும் சந்தியா ரங்கநாதனும் கடலூர்ப் பக்கத்துப் பிள்ளைகள்.

நாற்று ஒரு ஊரில், அறுவடை வேறு ஊரில். இதைச் சுரண்டல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. லூதியானா வரை ஒரு அணியை அழைத்துப் போய், தங்கவைத்து, சோறு போட்டு ஆடவைக்கும் பணம் பயிற்சியாளர் ஒருவரின் கையில் ஏது? ஆனால் 2022இல் புவனேஸ்வரில் கோகுலம் கேரளாவிடம் கடைசி ஆட்டத்தில் 1–3 என்று தோற்றுச் சேது இரண்டாமிடத்தில் நின்றபோது மதுரை பெயர்தான் பேப்பரில் வந்தது. நாற்று விட்டவரைப் பற்றி யாரும் பேசவில்லை. அது உறுத்துகிறது.

பலவீனம் இரண்டுக்கும் ஒன்றே. அங்கே ஒரு மனிதர், இங்கே ஒரு பணப்பை. கடலூர் ஒரு விஷயத்தில் முந்துகிறது என்பேன். 2020 ஊரடங்கில் சென்னைச் சாலையில் வண்டிகளை நிறுத்தி விசாரித்துக்கொண்டிருந்த சப்-இன்ஸ்பெக்டர் இந்துமதியின் படம் ஊரெல்லாம் சுற்றியது. “பந்து ஆடினா சோறு போடுமா?” என்று எங்கள் அப்பாக்கள் கேட்டதற்கு எங்களிடம் காட்ட அப்படி ஒரு படம் இருந்ததில்லை.

பழைய நோட்டு இன்னும் என் பரணில் கிடக்கிறது. கடைசிப் பக்கம் சந்தா பாக்கிப் பட்டியல். மூன்றாவது பெயர் என்னுடையது.