தித் தா ஜாவ்: ஒரு மருந்துப்பெயரின் வரலாறும் பெயர்ப்புச் சிக்கலும்

தென்சீனத்தின் குவாங்துங் மாநிலத்திலும் ஹாங்காங்கிலும் சுளுக்கு, வீக்கம், இரத்தக்கட்டு ஆகியவற்றுக்குப் பூசப்பெறும் மூலிகை நீர்மம் ஒன்று உண்டு. கண்டொனிய மொழியில் அதன் பெயர் 'தித் தா ஜாவ்'. இத்தொடரின் முதற்சொல் விழுதலையும், இரண்டாவது அடித்தலையும், மூன்றாவது மதுவையும் குறிக்கும். இதனைத் தமிழில் எவ்வாறு பெயர்ப்பது என்னும் வினாவுக்கு அம்மருந்தின் வரலாற்றை அறியாமல் விடை காண இயலாது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

முதலில் நினைவுக்கு வரும் சொல் 'தைலம்'. சிங்கப்பூர் வழியாக வந்த கோடாலித் தைலத்தைப் பழகிய தமிழர்க்கு இச்சொல் இயல்பானதே. எனினும் தைலம் என்பது எள்ளைக் குறிக்கும் 'தில' என்னும் வடசொல்லடியாகப் பிறந்தது. 'எண்ணெய்' என்பதோ எள்ளின் நெய்யேயாகும். எனவே எச்சொல்லைக் கையாண்டாலும் எண்ணெயே பொருளாகின்றது. சீனப் பெயரின் உயிர்நிலையான மது மறைந்துவிடுகின்றது.

சீன மருத்துவத்தில் மதுவுக்குரிய இடம் மிகத் தொன்மையானது. 'மருத்துவம்' என்பதற்குரிய மரபெழுத்தின் அடிப்பகுதியே ஒரு மதுக்கலத்தின் உருவந்தான். கி.மு. 168-இல் மூடப்பெற்று, 1973-இல் மாவாங்துய் என்னுமிடத்தில் அகழ்ந்தெடுக்கப்பெற்ற கல்லறையின் பட்டுச்சுவடிகளுள், காயங்களுக்கான மருந்தை மதுவிற் கலந்து குடிக்குமாறு கூறும் முறைகள் காணப்படுகின்றன. தாங் காலத்தில் லின் தாவ்ரன் பெயரால் வழங்கும் எலும்புமுறிவு நூலிலும் வெதுவெதுப்பான மதுவுடன் மருந்துண்ணல் பேசப்படுகின்றது. ஆகவே பழைய நூல்களில் மருந்து மது என்பது பெரிதும் குடிக்கப்படுவதே.

1596-இல் அச்சேறிய தமது மருந்துப்பொருள் நூலில் லீ ஷிசென், வடித்த சாராயம் பண்டைய முறையன்று, யுவான் காலத்திலேயே தோன்றியது என்கிறார். அதற்கு முன்பே அது இருந்தது என்பாரும் உளர். காலம் எதுவாயினும், பிசின்களைக் கரைக்க வல்லது செறிவுமிக்க சாராயமே. பூசுமருந்து வளர இதுவே துணைநின்றது எனக் கொள்வது பொருந்தும். பயன் உள்ளிருந்து வெளிக்கு நகர்ந்தபோதும் 'மது' என்னும் பெயர் மட்டும் மாறவில்லை.

சேர்க்கைப் பொருள்களின் பெயர்களும் மொழிபெயர்ப்பாளரை இடறச் செய்வன. குசும்பாப்பூ 'செம்மலர்' எனவும், குந்துருக்கம் 'பால்மணம்' எனவும் வழங்குகின்றன. இவற்றால் தீங்கில்லை. வெள்ளைப்போளத்தின் பெயராகிய 'மோயாவ்' அத்தகையதன்று. எழுத்தெழுத்தாகப் பெயர்த்தால் 'மருந்தின்மை' என்றாகும்! உண்மையில் முதலெழுத்து அரபு 'முர்' என்பது போன்ற அயற்சொல்லின் ஒலிபெயர்ப்பேயாகும். இடைக்காலச் சீனத்தில் அது தகர மெய்யில் முடிந்தது. அயன்மொழி ரகர ஈற்றைத் தகரத்தால் குறிப்பது அக்கால வழக்கு. கண்டொனிய மொழி அத்தகரத்தை இன்றும் காக்கின்றது. மாண்டரின் ஒலிப்பை மட்டும் நோக்குவார்க்கு இத்தொடர்பு புலப்படாது.

இவையெல்லாம் சொல்லாராய்ச்சி அளவில் நிற்பனவல்ல. சில பூசுமருந்துகளில் பதப்படுத்தாத வசநாபி இனக் கிழங்குகள் சேர்கின்றன. உட்கொண்டால் அவை இதயத் துடிப்பைச் சீர்குலைத்து உயிரையும் பறிக்கக்கூடும். ஹாங்காங்கின் 1999-ஆம் ஆண்டுச் சீன மருத்துவச் சட்டம் வீரியமிக்க 31 மருந்துப்பொருள்களைத் தனி அட்டவணையில் வைத்துள்ளது. இக்கிழங்குகளும் அதனுள் அடங்கும். மறுபுறம், அடிபட்டவர் குடிப்பதற்கென்றே செய்யப்படும் மருந்து மதுவும் வழக்கில் உண்டு. இரண்டிற்கும் சீனத்தில் 'ஜாவ்' என்பதே பெயரீறு. குப்பியிலுள்ள குறிப்பைப் பெயர்ப்பவர் 'மருந்து மது' என்று மட்டும் எழுதிவிட்டால், படிப்பவர் அதனைக் குடிக்க நேரலாம்.

'ஊறல்' என்னும் சொல் செய்முறைக்கு நன்கு பொருந்துவதே. ஆனால் காவல்துறையினர் கொட்டியழித்த சாராய ஊறலைப் பற்றி நாளிதழ்களில் படித்துப் பழகிய நமக்கு அது வேறொன்றை நினைவூட்டும். ஆதலால் பூசுவதை 'அடிகாயப் பூச்சுச் சாராயம்' என்றும், குடிப்பதை 'அடிகாயக் குடிமருந்து' என்றும் பிரித்தெழுதலாம். முன்னது சற்றே நீண்ட தொடர்தான். எனினும் 'பூச்சு' என்னும் சொல்லை அதிலிருந்து நீக்குதல் கூடாது.