கொடைப்பணம் யார் கணக்கில்? கல்லூரி விளையாட்டு நிதியின் வரலாறும் கந்தப்பளையும்

கந்தப்பளை மாணவி ஒருத்தி நுவரெலியா வலயப் போட்டியில் வென்று மாகாண மட்டத்துக்குப் போவதானால் வேன் வாடகை வேண்டும், ஓட்டக் காலணி வேண்டும், இரண்டு நாள் சாப்பாடும் வேண்டும். பழைய மாணவரோ கடைத்தெரு முதலாளியோ வெளிநாட்டு உறவினரோ தந்தால்தான் அது நடக்கும். அப்படி வரும் பணம் யார் கையில் தங்குகிறது, எதில் கரைகிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. இதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலான ஆவணச் சான்று அமெரிக்காவில் இருக்கிறது.

1852இல் ஹார்வார்ட், யேல் கல்லூரிகளுக்கிடையே நடந்த படகுப் போட்டிக்கு ஒரு ரயில் கம்பனி செலவு செய்தது. கல்லூரி விளையாட்டில் வெளியார் பணம் நுழைந்ததற்கான மிகப் பழைய சான்றுகளில் இது ஒன்று. 1929இல் கார்னகி அறநிலையத்தின் அறிக்கை, வீரர்களுக்கு மறைவாகப் பணம் போவதை விரிவாக வெளிக்கொணர்ந்தது. 1934இல் கிளெம்சன் கல்லூரி ஆதரவாளர்கள் ஆளுக்கு ஆண்டுக்குப் பத்து டொலர் என்று சங்கம் அமைத்தார்கள். பெருமந்தக் காலம் அது. காசில்லாதவர்கள் பாலும் கிழங்கும் கொடுத்துச் சேர்ந்ததாகச் சொல்வார்கள். லீக்ஸும் உருளைக்கிழங்கும் விளையும் கந்தப்பளைக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1956இல் விளையாட்டுப் புலமைப்பரிசில் அனுமதிக்கப்பட்டது. அதற்கு மேல் வீரருக்கு ஒரு சதமும் கொடுக்கக் கூடாது என்பது விதி. வந்த பணம் எங்கேயாவது போக வேண்டுமே! அரங்குகளுக்குப் போனது, பயிற்றுநர் சம்பளத்துக்குப் போனது, மேசைக்கு அடியாலும் போனது. ஆதரவாளர்கள் வீரர்களுக்குப் பணம் கொடுத்ததற்காக 1987இல் சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் காற்பந்து அணி அந்தப் பருவம் முழுவதும் முடக்கப்பட்டது. 2023இல் டெக்சாஸ் ஏ அன்ட் எம் பல்கலைக்கழகம் ஒரு பயிற்றுநரை ஒப்பந்தம் முடியுமுன் அனுப்பிவிட ஒப்புக்கொண்ட தொகை 75 மில்லியன் டொலருக்கு மேல்.

நிர்வாகம் என்று பார்த்தால் ஒக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தின் கதைதான் ஊன்றிப் படிக்கத் தக்கது. எண்ணெய் முதலாளி பூன் பிக்கன்ஸ் அங்குள்ள விளையாட்டுத் துறைக்கு 165 மில்லியன் டொலர் கொடுத்தார். அந்தத் தொகை பல்கலைக்கழகக் கணக்கில் ஒரு மணி நேரம்கூடத் தங்காமல் அவருடைய சொந்த முதலீட்டு நிதியத்துக்கே திரும்பிப் போனது. முதலில் வளர்ந்தது, 2008 நெருக்கடியில் பெருமளவு கரைந்தது. 2007இல் இன்னொரு யோசனை. 65 வயதுக்கு மேற்பட்ட 27 ஆதரவாளர்களின் பெயரில் தலா 10 மில்லியன் டொலர் ஆயுள் காப்புறுதி எடுத்தார்கள். இறந்தால் பணம் விளையாட்டுத் துறைக்கு. இரண்டு வருடம் ஒருவரும் இறக்கவில்லை! 33 மில்லியன் டொலர் கட்டுப்பணம் போனதுதான் மிச்சம். கொடையாளரே முதலீட்டாளராகவும் ஆலோசகராகவும் இருந்தால் அவரிடம் கணக்குக் கேட்க யாருக்கு வாய் வரும்?

2021 ஜூலை முதல் வீரர்கள் தம் பெயரையும் உருவத்தையும் பயன்படுத்திச் சம்பாதிக்கலாம் என்றானது. ஆதரவாளர்கள் கல்லூரிக்கு வெளியே நிதிக் கூட்டுகளை அமைத்துப் பணம் திரட்டினார்கள். இவற்றில் பல, தர்ம ஸ்தாபனத்துக்குரிய வரிச் சலுகைக்குத் தகுதியற்றவை என்று 2023இல் வருமானவரித் திணைக்களம் கருத்துரைத்தது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற இணக்கத்தின்படி, ஒரு பல்கலைக்கழகம் முதலாண்டில் சுமார் 20.5 மில்லியன் டொலர் வரை வீரர்களுக்கு நேரடியாகக் கொடுக்கலாம். மறைவில் போன பணம் ஏட்டில் ஏறுவதற்கு இத்தனை காலம் எடுத்தது.

மலையகத்தில் விளையாட்டுக்கான பணம் துரைமாரோடு வந்தது. தரவளையில் 1868இலேயே அவர்களுக்குக் கழகம் இருந்தது; நுவரெலியா கோல்ப் கழகம் 1889இல் வந்தது. சந்தா அவர்களுடையது, மைதானமும் அவர்களுடையது. தொழிலாளரின் பிள்ளைகளுக்குக் கிடைத்தது லயத்தோரப் பாடசாலை. 1970களின் பிற்பகுதியிலிருந்து அரசு தோட்டப் பாடசாலைகளைப் பொறுப்பேற்றது. பின்னர் வந்த சுவீடன், ஜெர்மன் உதவிகள் கட்டடத்தையும் ஆசிரியர் பயிற்சியையும் முதன்மைப்படுத்தின. அன்றைய தேவை அதுதான். இந்திய உயர்ஸ்தானிகரகத்தின் வழியாகத் தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் கல்வி நிதியமும் படிப்புக்கானது. ஓடுகிற பிள்ளைக்கென்று தனி ஏடு எதிலும் திறக்கப்படவில்லை.

இன்று கொடை வருவதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பிள்ளையின் கையிலேயே கொடுப்பது. அதற்குக் கணக்கே இல்லை. மற்றது, அதிபர் தலைமையிலான பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் ஊடாகக் கொடுப்பது. அங்கே கூரைத் தகடும் தண்ணீர்க் குழாயும் முன்வரிசையில் நிற்கும். கொடையாளருக்கும் தம் பெயர் பொறித்த வெற்றி மேடையும் டீ-சேர்ட்டுமே பிடிக்கின்றன. அமெரிக்க அரங்குகளின் பெயர்ப்பலகைக்கும் இதற்கும் அளவில்தான் வித்தியாசம்.

நியாய வர்த்தகச் சான்றிதழ் பெற்ற தேயிலைத் தோட்டங்களில் மேலதிக விலைப்பணம் தனிக் கணக்கில் சேர்கிறது. அதை எதற்குச் செலவிடுவது என்று தொழிலாளர் தெரிவுசெய்த குழு தீர்மானிக்கிறது. விளையாட்டு ஆசிரியர், ஒரு பெற்றோர், முன்னாள் வீரர் ஒருவர் கொண்ட அதே மாதிரியான குழுவிடம் பாடசாலைக் கொடைகளை ஒப்படைக்கலாம் என்பது என் கருத்து. பணம் தருபவருக்கு அந்தக் குழுவில் இடம் வேண்டாம். தவணைக்கு ஒருமுறை செலவுக் கணக்கின் பிரதி அவருக்குப் போனால் போதும்.