ஒரே குளிர்காலம், இரண்டு கேள்விகள்: 1982ஆம் ஆண்டின் நேயர் பட்டியல்கள் குறித்து ஒரு மறுபரிசீலனை

ரசிகர்கள் ஆண்டிறுதியில் தமக்குப் பிடித்த இசையை வரிசைப்படுத்தும் வழக்கத்தை ஆராய்வோர், பிபிசி ரேடியோ ஒன்றில் ஜான் பீல் 1976இல் தொடங்கிய ‘ஃபெஸ்டிவ் ஃபிஃப்டி’ நேயர் வாக்கெடுப்பைத் தொடாமல் செல்வதில்லை. அதன் வரலாற்றில் 1982 ஒரு திருப்பம் என்பதிலும் கருத்து வேறுபாடு இல்லை. அதுவரை எந்தக் காலத்துப் பாடலுக்கும் வாக்களிக்கலாம். அதன்பின் அந்தந்த ஆண்டில் வெளியானவற்றுக்கு மட்டுமே. இம்மாற்றத்துக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் இது: நேயர்கள் பழையதையே பற்றிக்கொண்டிருந்தார்கள், பட்டியல் உறைந்துவிட்டது, ஆண்டு வரம்பு அந்த உறைவை உடைத்தது. இந்த விளக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. உறைவு என்று நாம் காண்பதில் பெரும்பகுதி, நேயர்களிடம் கேட்கப்பட்ட கேள்வியின் விளைவு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் உறைவு என்னும் கூற்றையே சோதிக்க வேண்டும். 1976இல் முதலிடம் பெற்றது லெட் ஸெப்பலினின் ‘ஸ்டெயர்வே டு ஹெவன்’. அடுத்த இடங்களில் ‘லைலா’, பாப் டிலனின் ‘டெசொலேஷன் ரோ’. மூன்றுமே அன்றைக்கு ஐந்து வயதைக் கடந்த பாடல்கள். 1977இல் வாக்கெடுப்பு நடக்கவில்லை. பீல் தாமே ஒரு பட்டியல் போட்டார். 1978இல் வாக்கு மீண்டும் வந்தபோது முதலிடத்தில் இருந்தது செக்ஸ் பிஸ்டல்ஸின் ‘அனார்க்கி இன் தி யூ.கே.’. வாக்கு இல்லாத ஓராண்டு இடையில் கிடப்பதால், இந்தப் புரட்டல் எப்போது நிகழ்ந்தது என்று துல்லியமாகச் சொல்ல இயலாது. நேயர்களே மாறிவிட்டார்களா, இருந்த நேயர்கள் மனம் மாறினார்களா என்பதும் பட்டியலிலிருந்து தெரியாது. ஆனால் கேள்வி மாறவில்லை. எந்தக் காலத்துப் பாடலும் செல்லும் என்ற அதே திறந்த கேள்வி, இரண்டே ஆண்டில் தலைகீழான விடையைத் தந்தது. திறந்த கேள்வி இயல்பாகவே பழமையை நோக்கி இழுக்கும் என்பார்க்கு இது முதல் இடர்ப்பாடு.

‘அனார்க்கி’ 1978, 1979, 1980 என மூன்று முறை தொடர்ந்து முதலிடம் பெற்றது உண்மை. உறைவுக் கொள்கையின் முழு எடையும் இந்த மூன்று ஆண்டுகளில்தான் தங்கியுள்ளது. முதலிடத்தை மட்டும் பார்ப்பவர்கள் அதற்குக் கீழே நடந்ததைத் தவறவிடுகிறார்கள். ஜாய் டிவிஷனின் ‘ஆட்மாஸ்ஃபியர்’ 1980 மார்ச்சில் பிரான்சில் 1,578 பிரதிகள் மட்டுமே கொண்ட ஒரு பதிப்பாக வந்தது. மே மாதம் பாடகர் இயன் கர்ட்டிஸ் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். பிரிட்டனில் கடைக்குக் கடை கிடைக்கும்படி தட்டு வந்தது அதன் பிறகே. இருந்தும் அந்த ஆண்டிறுதிப் பட்டியலிலேயே அது மேல்வரிசைக்கு வந்துவிட்டது, 1981இல் முதலிடம். உறைந்துபோன செவிகள் சில மாதமே ஆன ஒரு பாடலை இப்படி ஏற்றி வைக்குமா?

இனி 1982. அந்தக் குளிர்காலத்தில் இரண்டு பட்டியல்கள் உருவாயின: ஒன்று எல்லாக் காலத்துக்கும் உரியது, மற்றொன்று அவ்வாண்டுக்கு மட்டும் உரியது. முன்னதில் மீண்டும் ‘அனார்க்கி’ முதலிடம். பின்னதில் நியூ ஆர்டரின் ‘டெம்ப்டேஷன்’. ஒரே நிகழ்ச்சி, ஒரே பருவம், பெரும்பாலும் ஒரே நேயர் கூட்டம், இரண்டு கேள்விகள். இசை ரசனை பற்றிய ஆய்வில் இத்தகைய இரட்டைச் சான்று அரிது. ஆனால் இதுவரை அது, பழைய முறையின் சோர்வையும் புதிய முறையின் புத்துணர்வையும் அருகருகே காட்டும் படமாகவே பயன்பட்டு வந்திருக்கிறது.

1981ஆம் ஆண்டுப் பட்டியலை அதன் பக்கத்தில் வைத்தால் வேறொன்று தெரிகிறது. ஒரே கேள்வி இருந்த 1981இல் ‘ஆட்மாஸ்ஃபியர்’ ‘அனார்க்கி’யைக் கீழிறக்கியது. கேள்வி இரண்டான 1982இல் ‘அனார்க்கி’ திரும்பி வந்தது. ஓராண்டுக்குள் நேயர்கள் பின்னோக்கி நடந்துவிட்டார்கள் என்று கொள்வதைவிட, புதியதற்கென்று தனி இடம் ஒதுக்கப்பட்டதும் மற்ற இடம் மூத்தவர்களுக்கு உரியதாகிவிட்டது என்று கொள்வதே பொருந்தும். ஒருவர் மூன்று பாடல்களையே தேர்ந்து அஞ்சலில் அனுப்பும் முறையில் இடநெருக்கடி பெரிது. அந்த நெருக்கடியில்தான் நேற்று கேட்டதும் பத்தாண்டாகக் கேட்பதும் ஒன்றோடொன்று மோதின. கேள்வியைப் பிரித்ததும் மோதல் நின்றது. எல்லாக் காலப் பட்டியல் வரலாற்றுப் பெருமைக்குரிய மேடையானது. உறைவை உடைக்க வந்ததாகச் சொல்லப்படும் ஏற்பாடே உறைவை உண்டாக்கியது என்பது என் கருத்து.

இதற்கு எதிரான வலுவான தடை ஒன்று உண்டு. ‘ஆட்மாஸ்ஃபியர்’ 1980இன் பாடல். 1982க்கெனத் தனிப் பட்டியல் வந்ததால் அது எதையும் இழந்திருக்கக் கூடாது. அதன் இடம் முன்போலவே எல்லாக் காலப் பட்டியலில்தான். அப்படியிருக்க அது ஏன் இறங்கியது? இரு பாடல்களுக்கும் இடையிலான வாக்கு வேறுபாடு தெரியாத நிலையில் இதற்கு முடிந்த முடிபாக விடை சொல்லத் துணியமாட்டேன். மிகச் சில வாக்குகளே முதலிடத்தைத் தீர்மானித்திருக்கலாம். ஆயினும் ‘இவ்வாண்டு’ என்ற கேள்வி பக்கத்தில் நிற்கும்போது ‘எல்லாக் காலமும்’ என்ற கேள்வியின் தொனி மாறிவிடுகிறது. தனியே கேட்டால் அது ‘உனக்குப் பிடித்தது எது’ என்று ஒலிக்கும். இணையோடு கேட்டால் ‘நிலைத்து நிற்பது எது’ என்று ஒலிக்கும். இரண்டு வயதுப் பாடல் முதல் கேள்வியில் வெல்லும்; இரண்டாவதில் தயங்கி நிற்கும்.

ஆண்டு வரம்பு எதை இழக்கச் செய்தது என்பதும் கணக்கில் வர வேண்டும். ‘அனார்க்கி’ 1976 நவம்பர் 26 அன்று வெளியானது. அவ்வாண்டின் ஐம்பதில் அது இல்லை. அன்று ஆண்டு வரம்பு இருந்திருந்தால், மூன்று வாக்கெடுப்புகளில் தொடர்ந்து முதலிடம் பெறவிருந்த அப்பாடல், அது தகுதிபெறும் ஒரே வாக்கெடுப்பிலும் தவறி, என்றென்றைக்குமாக வெளியே நின்றிருக்கும். ஆண்டு என்பது செவியின் அளவுகோல் ஆகாது. அது இசைத்தட்டு வணிகத்தின் நாட்காட்டி. அந்த நாட்காட்டிகூட நாட்டுக்கு நாடு வேறு. கிளாஷ் குழுவின் ‘லண்டன் காலிங்’ ஆல்பம் பிரிட்டனில் 1979 டிசம்பரில் வந்தது, அமெரிக்காவில் 1980 ஜனவரியில். நியூயார்க்கின் ‘வில்லேஜ் வாய்ஸ்’ விமர்சகர் வாக்கெடுப்பில் அது 1980இன் முதல் ஆல்பம். ‘ரோலிங் ஸ்டோன்’ இதழுக்கோ எண்பதுகள் முழுவதற்குமே தலைசிறந்த ஆல்பம். அதே ‘வில்லேஜ் வாய்ஸ்’ வாக்கெடுப்பில் 1975இன் முதலிடம் பெற்ற டிலனின் ‘தி பேஸ்மென்ட் டேப்ஸ்’, பெரும்பாலும் 1967இல் பதிவானது. எந்த ஆண்டின் ரசனையை இவை காட்டுகின்றன?

இதனால் ஆண்டுப் பட்டியல்கள் பயனற்றவை என்று நான் சொல்லவில்லை. அவை தரும் சான்று வேறு வகைப்பட்டது, சில சமயம் வியப்பூட்டுவது. 1984இல் முதலிடம் பெற்ற ஸ்மித்ஸின் ‘ஹவ் சூன் இஸ் நவ்?’ அப்போது ஒரு சிங்கிள் தட்டின் பின்பக்கத்தில் இருந்த பாடல். நிறுவனம் அதை முன்பக்கத்துக்குக் கொண்டுவந்தது 1985 ஜனவரியில்தான். 1986இல் முதலிடம் பெற்ற அவர்களது ‘தேர் இஸ் எ லைட் தட் நெவர் கோஸ் அவுட்’ பிரிட்டனில் 1992 வரை சிங்கிளாகவே வரவில்லை. ‘தி குயீன் இஸ் டெட்’ ஆல்பத்தை முழுமையாகக் கேட்டு, அதன் உள்ளிருந்து நேயர்கள் தாமாகப் பொறுக்கி எடுத்த பாடல் அது. 1997இல் முதலிடம் கார்னர்ஷாப்பின் ‘பிரிம்ஃபுல் ஆஃப் ஆஷா’வுக்கு. ஆஷா போஸ்லேயைப் போற்றும் அப்பாடல், மறுகலவை வடிவில் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலின் முதலிடத்தைத் தொட்டது 1998 பிப்ரவரியில். வணிகம் பின்னால் வந்து சேரும் இடத்தில் ரசிகர்கள் முன்பே நின்றுகொண்டிருந்தார்கள். ஆண்டு வரம்புக்குள்ளும் இந்தக் கூர்மை செயல்பட்டது. ஆனால் அது வரம்பு கொடுத்த கூர்மை அன்று. 1980இலேயே அது இருந்ததை ‘ஆட்மாஸ்ஃபியர்’ காட்டிவிட்டது.

பீலின் நேயர்கள் பிரிட்டிஷ் மக்கள்தொகையின் சரியான மாதிரி ஆகமாட்டார்கள் என்ற ஆட்சேபம் அடிக்கடி எழுப்பப்படுகிறது. ஆகமாட்டார்கள்தான், இங்கு ஒப்பிடப்படுவது அவர்களை அவர்களோடு. குழுக்களின் நண்பர்கள் கூடி வாக்குகளைக் குவித்திருக்கலாம் என்பதும் அத்தகையதே: குவிப்பு இரு பட்டியல்களுக்கும் பொது. ரெகேயும் ஆப்பிரிக்க இசையும் பீல் நிகழ்ச்சியில் ஒலித்த அளவுக்குப் பட்டியல்களில் இடம்பெறவில்லை என்பது கனமான குறை. ஆனால் அது வரம்புக்கு முன்னும் பின்னும் ஒருபோலவே இருந்தது. ஆண்டு வரம்பு நேயர்களை விடுவித்தது என்போர் விளக்கக் கடமைப்பட்டது இதுவே.

எல்லாக் காலக் கேள்வியைப் பீல் மீண்டும் கேட்டது 1999–2000 குளிர்காலத்தில். முதலிடம் ‘ஆட்மாஸ்ஃபியரு’க்கு. நேயர்கள் அதை இழக்கவில்லை. இடைப்பட்ட ஆண்டுகளில் அவர்களிடம் யாரும் கேட்கவில்லை, அவ்வளவே. ஆகவே ஆண்டிறுதிப் பட்டியல்களைக் கொண்டு ரசனை வரலாறு எழுதுவோர், வரிசையைப் பதிவுசெய்வதற்கு முன் வாக்குச் சீட்டில் கேட்கப்பட்ட கேள்வியையும், ஒவ்வொரு இசைத்தட்டும் வெளியான மாதத்தையும், அது எந்த நாட்டு வெளியீடு என்பதையும் சேர்த்துப் பதிவுசெய்ய வேண்டும்.