பாலைக் கொடுத்துச் சோறு தந்தவர்: இறப்பர்–அரிசி ஒப்பந்தம், 1952–1982

இலங்கை–சீன இறப்பர்–அரிசி ஒப்பந்தம் 1982 ஆம் ஆண்டு கண்மூடியபோது எந்த வாசலிலும் வெள்ளைக்கொடி ஏறவில்லை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட்டு வந்த அவருடைய ஆயுள், அம்முறை புதுப்பிக்கப்படாமலே முடிந்துபோனது. அவர் கையால் உண்ட நமக்கு அந்த அஞ்சலிக் கடன் இன்னமும் மிச்சமிருக்கிறது.

அவர் பிறந்தது ஒரு நெருக்கடியில். கொரியப் போர் தூக்கிவிட்ட இறப்பர் விலை 1952இல் சரிந்துவிட, அரிசியோ உலகச் சந்தையில் கிடைப்பதற்கே அரிதாகி விலை ஏறிக்கொண்டிருந்தது. இறப்பரை விற்று அரிசி வாங்கிய தீவுக்கு இரு பக்கமும் அடி. சீனாவுக்கு இறப்பர் போகக் கூடாதென்று ஐக்கிய நாடுகள் சபை 1951இல் தடை கொண்டுவந்திருந்தது. இலங்கையோ அப்போது அச்சபையின் உறுப்பு நாடே அல்ல. அந்த இடைவெளியில் துணிந்து நடந்தார் வர்த்தக அமைச்சர் ஆர். ஜி. சேனநாயக்க. இரு நாடுகளுக்கும் தூதரக உறவு ஏற்பட இன்னும் நான்கு ஆண்டுகளுக்கு மேல் இருக்க, 1952 டிசம்பர் 18 அன்று பீக்கிங்கில் ஒப்பந்தம் கைச்சாத்தானது.

ஆண்டுக்கு 50,000 தொன் இறப்பர் இங்கிருந்து போகும். 2,70,000 தொன் அரிசி அங்கிருந்து வரும். இறப்பருக்குச் சந்தையை விடக் கூடிய விலை, அரிசிக்குக் குறைந்த விலை. தீவின் இறப்பர் விளைச்சலில் ஏறத்தாழ பாதிக்கு ஒரே கையெழுத்தில் நிலையான வாசல் திறந்தது.

அந்தக் கையெழுத்தின் பாரத்தைச் சுமந்தவர்கள் களுத்துறையிலும் கேகாலையிலும் இரத்தினபுரியிலும் விடியுமுன் எழுந்தார்கள். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும் என்பதால், பனி காயாத பட்டையில் கத்தியைச் சரிவாக இழுத்து, நூல் போல இறங்கும் பாலுக்குக் கீழே சிரட்டையை ஏந்தவைத்து, அடுத்த மரத்துக்கு நகர்ந்தார்கள். வடித்து, அமிலம் விட்டு உறையவைத்து, உருளையில் தகடாக்கி, புகையறையில் தேன் நிறம் வரும்வரை தொங்கவிட்ட பிறகே அது கப்பலேறும். அப்படிப் பால் வெட்டிய சிங்களக் கைகளோடு, 1948 இன் சட்டத்தால் பிரஜாவுரிமை இழந்த மலையகத் தமிழரின் கைகளும் இருந்தன. நாட்டுக்குச் சோறு தேடித் தந்தவர்களில் ஒரு பகுதியினரை நாடு தன்னவர் என்று சொல்லவில்லை. அந்தத் துயரத்தையும் இந்த அஞ்சலியில் சேர்த்தே வைக்கிறோம்.

மறுமுனையில் நம் வீடுகள். கூப்பன் புத்தகத்தைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு சங்கக்கடைக்குப் போன அம்மாமார், கொத்துக் கணக்கில் அளந்து வாங்கிய அரிசியைச் சுளகில் கொட்டிக் கல் பொறுக்கிய பிறகே உலையேற்றினார்கள். அந்த அரிசி எங்கே விளைந்தது, எதைக் கொடுத்து வாங்கியது என்று பந்தியில் யாரும் பேசவில்லை. பெரியவர்களின் உழைப்பு வீட்டில் பேசப்படாதது போலத்தான் அதுவும்.

அவர் பட்ட பாடும் கொஞ்சமல்ல. சீனாவுக்கு இறப்பர் விற்றதற்காகச் சில ஆண்டுகள் அமெரிக்க உதவி மறுக்கப்பட்டது. பிறந்த எட்டாம் மாதமே, பங்கீட்டு அரிசியின் விலை கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏற்றப்பட, 1953 ஆகஸ்ட் ஹர்த்தால் நாட்டை உலுக்கியது. 1957இல் புதுப்பிக்கப்பட்டபோது இறப்பருக்கான கூடுதல் விலை நின்றது; பதிலுக்கு இறப்பர் மறுநடுகைக்குச் சீனா பணம் தந்தது. ஆட்சிகள் மாறின, பிரதமர்கள் மாறினார்கள். எந்தக் கட்சி வந்தாலும் அவரைக் கைவிடவில்லை. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது. பங்கீட்டு அரிசியின் இடத்தை உணவு முத்திரை பிடித்தது. பண்டத்துக்குப் பண்டம் என்ற கணக்கு, டொலருக்குப் பண்டம் என்று மாறிய வீட்டில் அந்த முதியவருக்கு வேலை இல்லாமற்போயிற்று.

2022இல் டொலர் தீர்ந்து, பால்மாவுக்கும் எரிவாயுவுக்கும் நாம் வரிசையில் நின்ற நாட்களில், முதியோர் சிலர் அவர் பெயரை மெல்லச் சொன்னார்கள். அவர் திரும்பி வந்து தீர்த்திருக்கக்கூடிய துன்பம் அல்ல அது. இல்லாதபோது தாயை நினைக்கும் நினைப்பு. ஏற்றுமதி என்ற சொல்லுக்கு நமக்கு அவர் காட்டிய பொருள் எளியது: ஒரு சிரட்டையில் விழுந்த பால், இன்னொரு வீட்டு உலையில் சோறாகக் கொதித்தது.