ஆண்டுச் சந்தா முறையில் குடும்ப மருத்துவரைத் தேர்ந்தெடுத்தல்

வயது முதிர்ந்த பெற்றோர் சொந்த ஊரிலும், பிள்ளைகள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ வாழும் குடும்பங்கள் இன்று பல உள்ளன. ஆண்டுக்கு ஒரு தொகையை முன்னதாகச் செலுத்தினால், குறிப்பிட்ட மருத்துவர் ஒருவர் எந்நேரமும் தொலைபேசியில் கிடைப்பார், தேவைப்படின் வீட்டிற்கே வருவார் என்னும் ஏற்பாடு இத்தகைய குடும்பங்களை ஈர்க்கிறது. இது கன்சியர்ஜ் மருத்துவம் எனப்படுகிறது. இதில் சேருமுன் பொதுமக்கள் அறிந்திருக்க வேண்டியவை இங்கே விளக்கப்படுகின்றன.

தோற்றமும் செயல்முறையும்

இம்முறை அமெரிக்காவில் தோன்றியது. 1996ஆம் ஆண்டு சியாட்டில் நகரில் மருத்துவர் ஹோவர்ட் மேரன் தொடங்கிய மருத்துவமனை இதன் முன்னோடியாகக் கருதப்படுகிறது. அந்நாட்டில் பொது மருத்துவர் ஒருவரின் பொறுப்பில் 2,000 பேரோ அதற்கு மேலோ இருப்பது வழக்கம். சந்தா பெறும் மருத்துவர் அவ்வெண்ணிக்கையைச் சில நூறாகக் குறைத்துக்கொள்கிறார். ஆகவே, செலுத்தப்படும் தொகை மருந்துக்கோ கருவிக்கோ உரியதன்று. மருத்துவரின் நேரத்திற்கே உரியது.

இதனை எளிய கணக்கால் சரிபார்க்கலாம். ஆண்டில் 300 நாட்கள் பணிபுரியும் மருத்துவரை அவருடைய உறுப்பினர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 4 முறை காண்பதாகக் கொள்வோம். உறுப்பினர்கள் 500 பேர் எனில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 7 பேரைப் பார்ப்பார். 2,000 பேர் எனில் ஏறத்தாழ 27 பேரைப் பார்ப்பார். எனவே, 'தங்களிடம் மொத்தம் எத்தனை பேர் சேர்ந்துள்ளனர்?' என்பதே கேட்கவேண்டிய முதற்கேள்வி. இதற்குத் தெளிவான விடை கிடைக்காவிடில், வாக்களிக்கப்படும் நேரம் கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை.

சந்தா வேறு, காப்பீடு வேறு

மருத்துவரின் ஆலோசனை, தொடர் கண்காணிப்பு, மருத்துவமனையோடு தொடர்புகொள்ளுதல் ஆகியவற்றுக்கே சந்தா பொருந்தும். அறுவை சிகிச்சை, உள்நோயாளிச் செலவு, தீவிர சிகிச்சை ஆகியன பெரும்பாலும் அதில் அடங்கா. சந்தா செலுத்துகிறோம் என்பதற்காக மருத்துவக் காப்பீட்டைப் புதுப்பிக்காமல் விடுவது பெருந்தவறு. இரண்டில் ஒன்றுக்கே பொருள்வசதி உண்டெனில், காப்பீட்டிற்கே முதலிடம் தருதல் வேண்டும்.

யாருக்குப் பயன்படும்?

நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரக நோய் எனப் பல நோய்கள் ஒருங்கே உடையோர், பல சிறப்பு மருத்துவர்களிடம் மருந்து பெறுவோர், வெளியே செல்ல இயலாத முதியோர் ஆகியோருக்கு ஒரே மருத்துவரின் தொடர் கவனிப்பு மிகுந்த நன்மை தரும். வெவ்வேறு மருத்துவர்கள் எழுதிய மருந்துகள் ஒன்றோடொன்று முரண்படுகின்றனவா, ஒரே மருந்து இரு வணிகப் பெயர்களில் இருமுறை உட்கொள்ளப்படுகிறதா என்பதை ஒருவரே பார்க்கும்போதுதான் கண்டறிய இயலும். நலமாக உள்ள இளைஞர்களுக்கு இதனால் கிடைக்கும் கூடுதல் பயன் குறைவு.

மருத்துவரின் தகுதியை உறுதிசெய்தல்

விளம்பரத்தில் காணப்படும் நிறுவனத்தின் பெயரைவிட, சிகிச்சை அளிக்கவிருக்கும் மருத்துவரின் பெயரே முதன்மையானது. 2002ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கழக நன்னடத்தை விதிமுறைகளின்படி, மருத்துவர் தம் பதிவு எண்ணை மருத்துவமனையிலும், மருந்துச் சீட்டிலும், சான்றிதழிலும், பணச் சீட்டிலும் குறிப்பிடுதல் வேண்டும். அவ்வெண்ணைத் தமிழ்நாடு மருத்துவக் கழகத்தின் இணையதளத்திலோ தேசிய மருத்துவ ஆணையத்தின் பதிவேட்டிலோ சரிபார்க்கலாம். எம்.பி.பி.எஸ். பட்டம் அடிப்படைத் தகுதியாகும். பொது மருத்துவம், குடும்ப மருத்துவம், முதியோர் மருத்துவம் ஆகியவற்றில் மேற்படிப்பு இருப்பின் நன்று. ஆலோசனை அறையோ மருத்துவமனையோ, தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம், 1997இன் கீழ்ப் பதிவு பெற்றுள்ளதா என்பதையும் கேட்டறிய வேண்டும்.

பணம் செலுத்துமுன் கேட்கவேண்டியவை

• இரவிலும் விடுமுறை நாட்களிலும் தொலைபேசியை எடுப்பவர் மருத்துவரா, உதவியாளரா?
• மருத்துவர் வெளியூர் சென்றால் அவருக்கு மாற்றாக இருப்பவர் யார்? அவருடைய பதிவு எண் யாது?
• வீட்டு வருகை சந்தாவில் அடங்குமா? ஆண்டுக்கு எத்தனை முறை? எவ்வளவு தொலைவு வரை?
• இரத்தப் பரிசோதனை, மருந்து, ஊசி ஆகியவற்றுக்குத் தனிக்கட்டணம் உண்டா?
• இடையில் விலகினாலோ உறுப்பினர் மறைந்தாலோ எஞ்சிய தொகை திரும்பக் கிடைக்குமா?
• மருத்துவப் பதிவேடுகளின் படி எவ்வாறு வழங்கப்படும்?

இவற்றுக்கான விடைகளை எழுத்து வடிவில் பெறுதல் வேண்டும். ஒவ்வொரு முறை பணம் செலுத்தும்போதும் பற்றுச்சீட்டு பெறவேண்டும். மேற்குறித்த விதிமுறைகளின்படி, நோயாளி தம் பதிவேடுகளைக் கோரினால் 72 மணி நேரத்திற்குள் அவை வழங்கப்பட வேண்டும். கட்டணம் பெற்று வழங்கப்படும் மருத்துவ சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் வரம்பிற்குள் அடங்கும் என உச்ச நீதிமன்றம் 1995ஆம் ஆண்டு தீர்ப்பளித்துள்ளது.

எச்சரிக்கைக்குரிய அறிகுறிகள்

'குணமானால் மட்டும் பணம் தாருங்கள்' என ஒப்பந்தம் செய்வது மருத்துவ நெறிக்குப் புறம்பானது. நோயாளியைக் குறிப்பிட்ட ஆய்வகத்திற்கோ மருத்துவமனைக்கோ அனுப்பித் தரகுத்தொகை பெறுவதும் தடைசெய்யப்பட்டுள்ளது. எப்போதும் ஒரே ஆய்வகத்திற்கு மட்டுமே செல்லுமாறு வற்புறுத்தினால் காரணம் கேட்கத் தயங்க வேண்டாம்.

ஆண்டுதோறும் முழு உடல் பரிசோதனை, புற்றுநோய்க் குறியீட்டுச் சோதனை எனச் சோதனைகளின் எண்ணிக்கையைக் காட்டி விளம்பரம் செய்யப்படுவதும் உண்டு. ஆய்வறிக்கையில் அச்சிடப்படும் இயல்பு அளவு, பொதுவாக நலமுள்ளோரில் 95 விழுக்காட்டினரை உள்ளடக்குமாறு வகுக்கப்படுவது. எனவே, ஒன்றையொன்று சாராத 20 சோதனைகளை நலமுள்ள ஒருவருக்குச் செய்தால், ஒன்றேனும் இயல்பு அளவுக்கு வெளியே இருப்பதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 64 விழுக்காடு. நோயே இல்லாதவரும் அச்சத்திற்கும் மேலும் பல சோதனைகளுக்கும் ஆளாவது இவ்வாறுதான். எந்தச் சோதனை தேவையில்லை என எடுத்துரைப்பவரே நல்ல மருத்துவர்.

தொலைமருத்துவத்தின் எல்லை

2020ஆம் ஆண்டு மார்ச் 25 அன்று வெளியிடப்பட்ட தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைகள், தொலைபேசி வழியாகவும் காணொலி வழியாகவும் ஆலோசனை வழங்க இசைவளிக்கின்றன. எனினும், நேரில் காணவேண்டிய நோயாளியை நேரில் வரச்சொல்வது மருத்துவரின் கடமை. போதைப்பொருள் தன்மையுடைய மருந்துகளைத் தொலைவிலிருந்து பரிந்துரைக்க இயலாது. நேரில் காணாமலே மாதக்கணக்கில் மருந்தை மாற்றிக்கொண்டே செல்லும் சேவையைத் தவிர்ப்பது நலம்.

அவசர நிலையில் முதல் அழைப்பு 108

அவசரப் பிரிவில் பணியாற்றும் மருத்துவர்கள் நன்கறிந்த துயரம் ஒன்று உண்டு. நெஞ்சுவலியோடு வந்த முதியவரின் உறவினர், 'எங்கள் டாக்டர் திரும்ப அழைப்பார் எனக் காத்திருந்தோம்' என்பர். அறிமுகமான மருத்துவர் இருக்கிறார் என்னும் நம்பிக்கையே அங்கே காலத்தாழ்வுக்குக் காரணமாகிவிடுகிறது.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், முகம் ஒருபுறம் கோணுதல், ஒரு பக்கக் கைகால் செயலிழத்தல், பேச்சுக் குழறல், வலிப்பு, நிற்காத இரத்தப்போக்கு, நினைவிழப்பு ஆகியவற்றில் எது தோன்றினாலும் உடனே 108ஐ அழைக்க வேண்டும். இரத்தக்கட்டியால் வரும் பக்கவாதத்திற்குக் கட்டியைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தோன்றிய நாலரை மணி நேரத்திற்குள் செலுத்துதல் வேண்டும். ஆம்புலன்ஸ் புறப்பட்ட பின்னர்க் குடும்ப மருத்துவருக்குத் தெரிவிக்கலாம். நோயாளி உட்கொள்ளும் மருந்துகள், ஒவ்வாமை, பழைய நோய்கள் பற்றி மருத்துவமனைக்கு அவர் சொல்லும் செய்தி பெரிதும் உதவும். இவ்வொழுங்கை ஏற்று, தாமே எழுதிக் கொடுக்கும் மருத்துவரைத் தேர்ந்தெடுக்கவும்.

தொலைவில் வாழும் பிள்ளைகளுக்கு

பணம் செலுத்துபவர் பிள்ளையாயினும் நோயாளி பெற்றோரே. மருத்துவரை அவர்களே முதலில் சந்தித்து, தயக்கமின்றிப் பேச இயலுகிறதா எனக் கண்டறியட்டும். உடல்நலச் செய்திகளை யாரிடம் பகிரலாம் என்பதையும் அவர்களே முடிவுசெய்தல் வேண்டும். மருந்துப் பட்டியல், மருத்துவரின் எண், அருகிலுள்ள மருத்துவமனையின் பெயர், உதவிக்கு வரக்கூடிய அண்டை வீட்டாரின் எண் ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவைக்கவும்.

கட்டணமின்றிக் கிடைக்கும் சேவைகள்

சந்தா செலுத்த இயலாதோர் தொடர் கவனிப்பை இழக்க வேண்டியதில்லை. 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 5 அன்று தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ், நீரிழிவு, உயர் இரத்த அழுத்தத்திற்கான மருந்துகளும், இயன்முறை சிகிச்சையும், நோய்த்தணிப்புப் பராமரிப்பும் வீட்டிலேயே வழங்கப்படுகின்றன. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்துகொள்ளலாம். மருத்துவ ஆலோசனைக்கும் தகவலுக்கும் 104ஐ அழைக்கலாம்.

கட்டணம் எதுவாயினும், நோயாளியை நன்கறிந்த, கேட்ட கேள்விக்குப் பொறுமையாக விடையளிக்கும், தம்மால் இயலாதபோது உரிய இடத்திற்கு உடனே அனுப்பிவைக்கும் மருத்துவரே தக்க மருத்துவர். அத்தகையவர் உங்கள் தெருவிலேயே சிறு ஆலோசனை அறை நடத்துபவராகவும் இருக்கலாம். சந்தா செலுத்துமுன் அவரையும் ஒருமுறை சென்று காணவும்.